பின்பக்கத்துப் பெயர்கள்

மார்ச் 3, ஞாயிறு

அத்தை வீட்டு மாடியில் மூன்று மணி நேரம். பழைய மருந்து அலமாரி, நாற்பத்தெட்டு இழுப்பறை. இருக்க வேண்டியது மாத்திரை, இருப்பது காகிதம். கடிதம், ரசீது, பள்ளிச் சான்று, கல்யாணத் தாள். எங்கள் அச்சகத்து வீடும் எதிர்த்த மருந்துக்கடை வீடும் ஐந்து தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்துச் சேர்த்த குப்பை. குப்பை என்றதற்கு அத்தை முறைத்தாள்.

வேலை இதுதான். தங்கைக்கும் மாமா மகனுக்கும் ஜூனில் கல்யாணம். மாமா அம்மாவின் அண்ணன். அவர் மனைவி, அதாவது இந்த அத்தை, அப்பாவின் அக்கா. ஆக இரண்டு பக்கமும் ஒரே ரத்தம். டாக்டர் கேட்டார்: "உங்க குடும்பத்துல கைக்குழந்தையிலயே இறந்தவங்க உண்டா? மூணு தலைமுறைக்காவது எழுதிக்கிட்டு வாங்க." வீட்டில் கேட்டால் ஒரே பதில், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல." காகிதத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று வீராப்பாகச் சொன்னது நான். என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

மாமா மகன் உதவிக்கு வந்தான். உதவி என்றால், ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பது. நான் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. இவனைப் போய் இவள் — சரி, அவள் பாடு.

மார்ச் 5

தொழிற்சாலையில் முப்பது அழுத்தமானி சரிபார்த்தேன். நான்கு பொய் சொல்கின்றன. காகிதம் பக்கம் போகவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

கல்யாணத் தாள்களை முடித்தேன். ஒரு கல்யாணத்துக்கு ஒரு தாள், எங்கள் அச்சகத்தில் அடித்தது. முன்பக்கம் மணமக்கள். பின்பக்கம் பிறகு கையால் எழுதியது: பிறந்த பிள்ளைகளின் பெயர், தேதி, மணி, எடை. எடை எப்படி என்றால், கீழே கடையில் தராசு இருக்கிறதே. மாத்திரைப் பொடி நிறுத்த கையோடு பிள்ளையையும் நிறுத்திருக்கிறார்கள்.

மதிய வெயில் தரையில் நீளமாக விழுந்து கிடந்தது. தூசி ஒன்றும் இறங்கவில்லை, அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றே தெரியவில்லை. இந்த அறைக்கு ஏதோ கோளாறு.

கணினியில் ஏற்றும்போது "இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது" என்று ஆறு தடவை எச்சரிக்கை. பார்த்தால், ஆறு தாள்களில் ஒரே பெயர் இரண்டு முறை, வெவ்வேறு தேதியோடு. தேதியைத் தப்பாக எழுதிவிட்டு மறுபடி எழுதியிருக்கிறார்கள். தப்பானதை ஒரு கோடு போட்டு அடிக்கத் தெரியாதா? இரண்டாவது தேதிதான் பள்ளிச் சான்றோடு ஒத்துப்போகிறது. அதை வைத்துக்கொண்டு முதலாவதை நீக்கினேன். ஒரே பட்டன்.

இரண்டு மூன்று கடிதங்களில் "இன்னும் கழுத்து நிற்கவில்லை" என்று வருகிறது. யார் பிள்ளைக்குத்தான் உடனே நின்றது? தாண்டிப் போனேன்.

மார்ச் 13

முடிவு சொன்னேன்: குழந்தைச் சாவு ஒன்றும் இல்லை. தங்கை குதித்தாள். "அண்ணா, நீ தெய்வம்ணா." ஐஸ் வைக்காதே என்றேன். எனக்கும் சந்தோஷம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

காகிதங்களைத் திருப்பி அடுக்கப் போனேன். அடுக்குகிற இடத்திலேயே தூங்கிவிட்டேன். கனவில் இழுப்பறைகள் ஒவ்வொன்றாகத் தானே திறந்தன. உள்ளே காகிதம் இல்லை. ஒவ்வொன்றிலிருந்தும் மூச்சு மட்டும் வந்தது, சின்னதாக, வெதுவெதுப்பாக. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

விழித்தால் பக்கத்தில் தங்கை. கையில் அத்தையின் கல்யாணத் தாள்.

"அண்ணா, இவன் எப்பப் பொறந்தான்?"

"தூங்குமூஞ்சியா? ஆகஸ்ட் ஒன்பது."

"அதுக்கு ரெண்டு வருஷம் முந்தி ஏப்ரல் ரெண்டுன்னும் போட்டிருக்கே."

"எழுதறப்ப தப்புப் பண்ணியிருப்பாங்க."

"சரி. இதுல ரெண்டு கிலோ அறுநூறு. அதுல மூணு கிலோ நூறு. தேதியைத் தப்பா எழுதலாம். பிள்ளையைத் தப்பா நிறுப்பாங்களா?"

அளவு சரிபார்ப்பது என் பிழைப்பு. எடை என்ற பகுதியை நான் படிக்கவே இல்லை.

அத்தையைக் கூப்பிட்டோம். மாடிப்படியில் பாதி ஏறி, தாளைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

"மூத்தவன் ஏழு மாசம் இருந்தான். கழுத்தே நிக்கல."

"ஏன் அத்தை சொல்லல? டாக்டர் கேட்டப்பகூட?"

"எழுதித்தானேடா வெச்சிருக்கு. நம்ம ரெண்டு வீட்டுலயும் அடிக்க மாட்டோம். பேரை அடுத்ததுக்குக் குடுத்துடுவோம். பேரு சும்மா கெடக்கக் கூடாதுன்னு. அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசறதில்ல."

ஆறு தாள். ஆறு பேர். அவங்க நூறு வருஷமா ஒரு கோடுகூடப் போடாம வெச்சிருந்ததை நான் ஒரே பட்டன்ல — என்ன ஆளு நான்?

தூங்குமூஞ்சி கடையிலிருந்து மேலே வந்து அத்தைக்குப் பின்னால் நின்றிருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறான். தனக்கு அண்ணன் இருந்தது அவனுக்கும் இன்றுதான் தெரியும். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "யாராவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா, எனக்கு முன்னாடி வேற யாரோ திரும்பற மாதிரி இருக்கும். அவன் திரும்பட்டும்னு நிப்பேன். உனக்குத் தூங்கற மாதிரி இருந்திருக்கும்."

மார்ச் 19

ஆறு பேரையும் திரும்ப ஏற்றினேன். எடையோடு. டாக்டர் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். இருவருக்கும் ரத்தப் பரிசோதனை. மூன்று வாரம் ஆகும்.

ஏப்ரல் 2

இன்று மூத்தவன் பிறந்தநாள். யாரும் சொல்லவில்லை. அத்தை கடையைப் பத்து நிமிடம் தாமதமாகத் திறந்தாள். எல்லா வருஷமும் இப்படித்தானா? நான் எதிர்வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவன்.

ஏப்ரல் 11

முடிவு வந்துவிட்டது. கழுத்து நிற்காத அந்த நோயின் மரபணுக் கோளாறு இரண்டு பேருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அவர்களை ஒன்றும் செய்யாது. பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து இறங்கினால்தான் ஆபத்து. ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு.

கல்யாணத்தை நிறுத்திவிடு என்றேன். தங்கை என்னைப் பார்த்த பார்வை! "நீ நிறுத்துன்னா நிக்கறதுக்கு இது என்ன மோட்டாரா?" கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மா: "இத்தனை தலைமுறையும் பெத்து வளர்க்கலையா?"

"இத்தனை தலைமுறையும் புதைச்சும் இருக்காங்கம்மா."

சொல்லியிருக்கக் கூடாது. அம்மா சாப்பிடவில்லை.

ஏப்ரல் 15

தங்கை நாலு நாளாக என்னோடு பேசவில்லை. அந்த நோயைப் பற்றி ஆறு பக்கத்துக்குக் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

மாடிக்குப் போனேன். இருவரும் தரையில் உட்கார்ந்து எதிரெதிராகக் கடிதம் படித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பழுப்புக் காகிதம் எது, கை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் படியிலேயே நின்றுவிட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அவன்தான் முதலில் பேசினான். "அம்மா ரெண்டாவது தடவை எப்படித்தான் துணிஞ்சாளோ. எனக்கு அந்தத் தைரியம் இல்ல. உன்னை அந்த இடத்துல நிறுத்த முடியாது. வேணாம், விட்டுடுவோம்."

"எதை விடறது? என்னையா, பிள்ளையையா?"

அவன் கையிலிருந்த கடிதத்தை மடித்தான். அவளே தொடர்ந்தாள்.

"எனக்கு நீ வேணும். உன் ரத்தத்துல பொறக்கற பிள்ளைதான் வேணும்னு நான் எங்கேயாவது எழுதிக் குடுத்திருக்கேனா?"

"அப்ப..."

"பெத்துக்க வேணாம். வளர்ப்போம். உலகத்துல பிள்ளைக்கா பஞ்சம்?"

அவன், "ம்."

இவ்வளவு பெரிய முடிவுக்கு ஒரு "ம்". நான் சத்தமில்லாமல் கீழே இறங்கினேன். அத்தை கல்லாவிலிருந்து பார்த்தாள். என்னடா என்று கண்ணாலேயே கேட்டாள். கல்யாணம் நடக்கும் என்றேன். மற்றதை அவர்கள் வாயாலேயே சொல்லட்டும்.

ஜூன் 9

கல்யாணம். அம்மா அழுதுகொண்டே சண்டை போட்டாள். அத்தை சண்டை போட்டுக்கொண்டே சிரித்தாள். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தேன்.

கல்யாணமாகி நாலாவது வருஷம், பிப்ரவரி 6, ஞாயிறு

குழந்தைகள் இல்லத்திலிருந்து ஓர் அம்மா போன வாரம் தங்கை வீட்டைப் பார்க்க வந்தாராம். அவர்கள் தத்தெடுக்கப் போவது பத்து மாதப் பெண் குழந்தை. பெற்றோர் விவரம் என்ற இடத்தில் கோப்பில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எல்லாம் சரி, பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே இடைவெளிதான் அதிகம், குழந்தை தலையை விட்டுவிடும் என்று சொல்லிப் போயிருக்கிறார்.

அளந்தேன். பதினொன்றரை சென்டிமீட்டர். வலை வாங்கி வந்து கட்டினேன். மாப்பிள்ளை ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றான். முடிச்சுப் போட வேண்டிய நேரத்தில் கை தளர்ந்துவிட்டது. அவசரப்படுத்தவில்லை. தெருவில் வெயில் நன்றாக இருந்தது, நானும் கொஞ்சம் பார்த்தேன்.

நாலு மணிக்கு முடிந்தது. முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தேன். தாங்குகிறது. நாளை பத்து மணிக்குக் குழந்தையைக் கூட்டி வருகிறார்கள்.