வழக்கம்போல்

என் அன்பு மனைவிக்கு,

இங்கே நான் நலம். நீயும் பிள்ளைகளும் உன் அக்கா வீட்டில் சௌக்கியம் என்று சகலை சொன்னார். போனை நீ எடுப்பதில்லை. எடு என்று கேட்க எனக்கும் வாய் இல்லை. அதனால் இதை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

வீட்டில் சேற்றை வாரியாயிற்று. மரப் பீரோ ஊறி உப்பிப்போய், திறக்க மாட்டேன் என்கிறது. மிக்ஸி பிழைத்துக்கொண்டது. சுவரில் என் தோள் உயரத்துக்குத் தண்ணீர்க் கோடு. ஆற்றை அளக்கிறவன் வீட்டையே ஆறு வந்து அளந்துவிட்டதே என்று எதிர்வீட்டு பிளம்பர் கிண்டல் செய்கிறார். செய்யட்டும். உங்களை மாடிக்குத் தூக்கிவிட்ட மனிதர், எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம்.

அன்று நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். காலையில், ஆற்றின் மேற்பக்கத்துப் பாலத்து அளவுகோலில் தண்ணீர் பன்னிரண்டு அடி. அப்படியென்றால் நம் தெருவுக்குத் தண்ணீர் வர ஆறு மணி நேரம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அது மனப்பாடம். பதிவேட்டில் 'வழக்கம்போல்' என்று குறித்தேன். நீ போனில் கேட்டபோதும், "வழக்கம்போலத்தான், சாயங்காலம் ஆகும், புள்ளைங்க தூங்கட்டும்" என்றேன். இரண்டே மணி நேரத்தில் வந்துவிட்டது. சின்னவனை இடுப்பில் தூக்கி, பெரியவளைக் கையில் பிடித்து நீ தெருவைக் கடக்கும்போது, அவள் கை ஒருமுறை நழுவியதாமே. பிளம்பர்தான் சொன்னார், நீ சொல்லவில்லை.

அதைக் கேட்ட கையோடு எங்கள் ஆபீஸ் இன்ஜினீயரிடம் போய்க் கத்தினேன். "நீங்க அளந்தது தப்பில்லைங்க, மழைதான் மாறிடுச்சு" என்றார். காற்று சூடாகிவிட்டதாம். சூடான காற்று நிறையத் தண்ணீரைச் சுமந்து வந்து ஒரேயடியாகக் கொட்டுகிறதாம். பத்து நாள் மழை அரை நாளில் விழுந்தால் மண் எவ்வளவுதான் குடிக்கும்? ஆறு மணி நேரக் கணக்கெல்லாம் பழைய மழைக்குப் போட்டது என்றார். வந்து பழைய பதிவேட்டைப் புரட்டினேன். போன வருஷமே நாலு மணி நேரத்தில் வந்திருக்கிறது. என் கையெழுத்துதான். எழுதினேனே தவிர, படிக்கவில்லை. அதற்கு நான் காற்றைக் குறை சொல்ல முடியாது. என்னை மன்னித்துவிடு.

மழைச் சத்தம் கேட்டாலே பெரியவள் கட்டில்மேல் ஏறி நின்றுகொள்கிறாள் என்றார் சகலை. மேட்டுத் தெருவில், மூன்றாவது மாடியில், இரண்டு அறை பார்த்திருக்கிறேன். குழாயில் தண்ணீர் மெதுவாகத்தான் வருகிறது. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் முட்டிக்கொள்வோம். ஜன்னலிலிருந்து ஆறு தெரியாது.

பயமில்லை, வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. பிள்ளைகள் இரண்டும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கட்டும். நீ என் பேச்சை நம்பி வராதே. ஒரு நாள் பெரியவளைக் கூட்டிக்கொண்டு சும்மா பார்க்க வா. படிகளை அவளே எண்ணட்டும். இந்த உயரம் போதும் என்று அவள் வாயால் சொன்னால் மட்டும் இருங்கள்.

காத்திருக்கும்,
பிள்ளைகளின் அப்பா