தாடியுடன் தடுத்து வைக்கப்பட்டுள்ள என் கணவரையும் இயேசுவின் நிறத்தையும் பற்றியது

அனுப்புபவர்:
திருமதி செலீன் ஒஸ்வால்ட்,
41/7, கோயில் ஒழுங்கை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

பெறுபவர்:
பிரிவுக்குப் பொறுப்பான பொலிஸ் அத்தியட்சகர் அவர்கள்,
கொழும்பு.

விடயம்: சவரிமுத்து ஒஸ்வால்ட் என்பவர் அடையாள அட்டைக்கும் ஒப்பில்லாமல், இயேசுவுக்கும் ஒப்பில்லாமல் இருந்த காரணத்தால் தடுத்து வைக்கப்பட்டிருப்பது தொடர்பானது.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் மேற்படி விலாசத்தில் இருபத்துநான்கு வருடங்களாக வசித்து வருகிறேன். பாடசாலையொன்றில் தையல் ஆசிரியையாகக் கடமையாற்றுகிறேன். எனது கணவர் ஒஸ்வால்டுக்கு வயது நாற்பத்தாறு. ஒருகொடவத்தையில் கொள்கலன்கள் அடுக்கும் முற்றமொன்றில் எழுதுவினைஞராக இருக்கிறார். எங்கள் வீட்டில் வசிப்போர் அனைவரின் பெயரும் பொலிஸ் பதிவுப் படிவத்தில் உள்ளது. கடந்த வெள்ளிக்கிழமை மாலை அவர் வேலை முடிந்து வரும் வழியில் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். அன்றிலிருந்து தங்கள் பிரிவிலுள்ள பொலிஸ் நிலையமொன்றில் வைக்கப்பட்டிருக்கிறார். அடையாள அட்டையில் உள்ள முகமும் அவருடைய முகமும் ஒன்றல்ல என்பதே அவர் மீதுள்ள சந்தேகம். ஒன்றல்ல என்பது உண்மைதான். ஏன் ஒன்றல்ல என்பதைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

2. தமிழில் எழுதுவதற்குத் தாங்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிங்களம் நன்றாகக் கதைப்பேன். ஆனால் கோபமாக இருக்கும்போது மரியாதையாக எழுத எனக்குத் தமிழில்தான் பழக்கம். எங்கள் பங்குத்தந்தை இதன் சாரத்தைச் சிங்களத்தில் எழுதி இணைத்திருக்கிறார். அவர் சாதுவான மனிதர் என்பதால் அதில் சில விடயங்கள் விடுபட்டிருக்கக்கூடும்.

3. எங்கள் பங்கில் ஒவ்வொரு வருடமும் பெரிய வெள்ளியன்று ஆண்டவருடைய திருப்பாடுகளை மேடையில் நடித்துக் காட்டுவது வழக்கம். இயேசுவாக நடிப்பவர் ஒட்டுத் தாடி வைக்கக் கூடாது என்பது முன்னோர் செய்த ஏற்பாடு. ஐப்பசி மாதத்திலிருந்து அவர் தலைமயிர் வெட்டுவதில்லை. விபூதிப் புதனன்று பீடத்தின் முன் முழந்தாளிட்டு, பெரிய சனிக்கிழமை வரைக்கும் முகத்தில் கத்தி படாது என்று நேர்ந்துகொள்வார். எனவே வருடத்தில் சில மாதங்களுக்கு எங்கள் இயேசு எவருக்கும் அவருடைய அடையாள அட்டை உதவாது. இதுவரை இதனால் பிரச்சினை வந்ததில்லை. காரணத்தை அடுத்த பந்தியில் காண்க.

4. பதினொரு வருடங்களாக இயேசுவாக நடித்தவர் திரு. ஹியூபேட். அவர் நல்ல சிவந்த நிறம், உயரம், கூரான மூக்கு. நடிப்பு சுமார். வசனம் மறந்துபோனால் வானத்தைப் பார்ப்பார். சனங்கள் அதைச் செபம் என்று நினைத்து அழுவார்கள். அவர் நீண்ட தலைமயிரோடும் தாடியோடும் சாவடியால் போனால், பொலிஸ்காரர்கள் சிரித்துக் கையசைத்து விடுவார்கள். சிலர் தொப்பியைக் கழற்றியதும் உண்டு. என் கணவர் நல்ல கறுப்பு. ஆகவே பன்னிரண்டு வருடங்களாக அவருக்கு யூதாசின் வேடமே கிடைத்து வந்தது. அதற்கு எவரும் ஆட்சேபம் சொல்லவில்லை, அவர் உட்பட. நன்றாகவே காட்டிக்கொடுத்தார்.

5. கடந்த ஆவணியில் ஹியூபேட் குடும்பத்தோடு கனடா போய்விட்டார். இப்படிப் போகிறவர்களின் தொகை கூடக்கூட எங்கள் மேடையில் வேடங்கள் காலியாகின்றன. வசனம் முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்தவர் ஒஸ்வால்ட் ஒருவரே என்பதால் இம்முறை அவர் தெரிவானார். மரியாயின் சேனை என்ற எங்கள் பக்திச் சபையின் தலைவி ஐறீன் அக்கா மட்டும் எதிர்த்தார். சிறுபிள்ளைகள் பயப்படுவார்கள் என்றும், குறைந்தது மூன்று பூச்சுப் பவுடராவது போட வேண்டும் என்றும் கூட்டத்தில் சொன்னார். உடையும் ஒப்பனையும் என் பொறுப்பு. நான் மறுத்துவிட்டேன். பதினொரு வருடங்கள் ஹியூபேட்டுக்கே நான் பவுடர் பூசியிருக்கிறேன், ஐயா. முதலாவது சாட்டையடியிலேயே வியர்த்து, பவுடர் வரிவரியாக வடிந்து, கல்வாரிக்குப் போய்ச் சேரும்போது அவர் சுண்ணாம்பு அடித்து மழையில் நனைந்த சுவர் மாதிரி இருப்பார். இம்முறை இயேசு தன் சொந்தத் தோலோடு சிலுவை சுமக்கட்டும் என்று சொன்னவள் நான். நான் பவுடர் பூசச் சம்மதித்திருந்தால் என் கணவர் இன்று வீட்டில் இருந்திருப்பார் என்ற எண்ணம் ஐந்து நாட்களாக என்னை வதைக்கிறது.

6. மறிக்கப்பட்ட அன்று அவர் ஒத்திகைக்கு நேராக வருவதற்காகத் தன் பையில் நீண்ட வெள்ளை அங்கி ஒன்று, காகிதப்பூச் செடியின் முட்கொடியால் முடைந்த முடி ஒன்று, சிவப்பு நிறத் திரவம் கொண்ட போத்தல் ஒன்று ஆகியவற்றை வைத்திருந்தார். திரவத்தைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாக அறிகிறேன். அது புறக்கோட்டையில் றவூப் நானாவின் கடையில் வாங்கிய ரோஜாச் சர்பத்தும் சோளமாவும் கலந்தது. தொட்டு நாக்கில் வைத்தால் ஐயம் தீரும்.

அடையாள அட்டையிலுள்ள படம் 1979ஆம் ஆண்டு எடுத்தது. அதில் அவர் மழித்த முகத்தோடும், எண்ணெய் வைத்து வாரிய தலையோடும், திருமணமான புதிதில் இருந்த மகிழ்ச்சியோடும் காணப்படுகிறார். பிறந்த இடம் வடக்கே மன்னார், பேசாலை என்று இருக்கிறது; சாவடிகளில் சந்தேகப்பட அது ஒன்றே போதும். சாவடியில் நின்ற சார்ஜன்ட் அவர்கள் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பஸ்ஸிலிருந்து இறங்கச் சொன்னார். பெரிய வெள்ளிக்கு இயேசுவாக நடிக்கப் போகிறேன் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். சார்ஜன்ட் அவர்களும் கத்தோலிக்கர், நீர்கொழும்புப் பக்கத்தவர். அவர் தன் சட்டைப்பையிலிருந்து இயேசுவின் சுருபப் படம் ஒன்றை எடுத்து என் கணவரின் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார். படத்தில் இருந்தவருக்குப் பொன்னிறத் தலைமயிர், நீலக் கண். "ஜேசு மெச்சர கலு நே" என்றாராம். இயேசு இவ்வளவு கறுப்பில்லை என்பது அதன் கருத்து. இவ்வாறாக ஒரே நாளில் இரண்டு படங்களோடு ஒப்பிடப்பட்டு, இரண்டிலும் என் கணவர் தவறிவிட்டார்.

7. சார்ஜன்ட் அவர்களை நான் குறை சொல்லவில்லை. அதே படம், சற்றுப் பெரிய அளவில், என் வீட்டு முன்னறையிலும் மாட்டியிருக்கிறது. திருமணமான நாளிலிருந்து அதன் முன் விளக்கேற்றி வருகிறேன். அதில் இருப்பவர் எந்த ஊர்க்காரர் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவருடைய கண் நீலம் என்பதையே கடந்த சனிக்கிழமைதான் கவனித்தேன்.

8. கவனித்த பிறகு வேதாகமத்தை எடுத்துத் தேடினேன். நித்திரை வராததால் நேரம் இருந்தது. இயேசுவின் நிறத்தைப் பற்றிச் சுவிசேஷகர்கள் நால்வரும் ஒரு சொல்லும் எழுதவில்லை. அவர் களைத்தார், தாகமாயிருந்தார், அழுதார் என்று எழுதியிருக்கிறார்கள். உயரம், மூக்கு, தலைமயிர் ஒன்றுமில்லை. தங்கள் உத்தியோகத்தர் ஒருவர் இப்படி அறிக்கை எழுதியிருந்தால் தாங்கள் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். ஆனால் அவர் மேற்காசியாவில் பிறந்த யூதர், தச்சுவேலை செய்தவர், வெயிலில் ஊர் ஊராக நடந்தவர் என்பது தெரிகிறது. அப்படிப்பட்டவர் வெண்ணெய் நிறத்தில் இருந்திருப்பார் என்று நம்புவதற்கு எனக்கு ஐந்து நாட்களுக்கு முன் இருந்த விசுவாசம் இப்போது இல்லை. குழந்தையாக எகிப்துக்குக் கொண்டு ஓடியபோது அங்கே சனத்தோடு சனமாக மறைந்திருந்தார். பொன்னிறத் தலையோடு போயிருந்தால் எல்லையிலேயே மறித்திருப்பார்கள். பிறந்தது ஓரிடம், வளர்ந்தது வேறிடம் என்பதால் தலைநகரத்தில் இருந்தவர்கள் அவருடைய ஊரைக் கேட்டு முகம் சுளித்ததும் எழுதப்பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். அவரைக் கைதுசெய்ய வந்த சேவகர்களுக்கு அங்கே நின்றவர்களில் அவர் யார் என்று தெரியவில்லை. கூட இருந்த ஒருவர் முத்தமிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. மற்றவர்களைப் போலவே இருந்தார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அந்த முத்தத்தைப் பன்னிரண்டு வருடங்கள் மேடையில் கொடுத்தவர்தான் இப்போது தங்கள் காவலில் இருக்கிறார். அவர் கறுப்பாக இருப்பதால் இயேசுவும் கறுப்பு என்றோ, இயேசு கொட்டாஞ்சேனைவாசி என்றோ நான் வாதிடவில்லை. தெரியாத ஒருவருடைய முகத்தோடு ஒப்பிட்டு, தெரிந்த ஒருவரை உள்ளே வைக்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

9. சனிக்கிழமை காலை நானும் ஐறீன் அக்காவும் நிலையத்துக்குச் சாப்பாட்டுப் பார்சலோடு போனோம். மூன்று பூச்சுப் பவுடர் கேட்ட அதே ஐறீன் அக்கா, கம்பிக்குப் பின்னால் ஒஸ்வால்ட் குந்தியிருப்பதைக் கண்டதும் மேசையில் கையால் அடித்து, "இவர்தான் எங்கட இயேசு, விடுங்கோ" என்று உரத்துச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் எழுதிக்கொண்டிருந்த உத்தியோகத்தர் அதையும் எழுதிக்கொண்டார். இப்போது என் கணவரின் பொலிஸ் கோவையில் அவருக்கு "இயேசு" என்ற மறுபெயர் இருப்பதாகவும், அதை ஒரு பெண் நேரில் வந்து உறுதிப்படுத்தியதாகவும் பதிவாகியிருக்கிறது. இயக்கத்தில் இருப்பவர்களைப் போல மறுபெயர் வைத்திருப்பவர்களை இந்நாட்களில் எப்படிப் பார்ப்பார்கள் என்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த வரியை வெட்டிவிடும்படி பணிவாகக் கேட்கிறேன். அவருக்கு இருக்கும் ஒரே மறுபெயர் நான் வீட்டில் கூப்பிடுவது. அதைக் கோவையில் எழுத முடியாது.

10. மேலும், தங்கள் உத்தியோகத்தர்கள் நியாயமாக நடந்துகொண்ட ஒரு விடயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் நாளே ஒரு கான்ஸ்டபிள், தாடியை மழித்துவிட்டு அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். மறுத்தவர் என் கணவர். "பெரிய சனி வரைக்கும் கத்தி படாது, நேர்ந்திட்டன்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். முகத்தைக் காட்ட மறுக்கிறார் என்று அது எழுதப்பட்டது. ஐயா, என் கணவர் குசினிப் பைப்பைத் திருத்துவதாக 1991ஆம் ஆண்டு எனக்கு வாக்குக் கொடுத்தார். அது இன்னும் ஒழுகுகிறது. கடவுளுக்குக் கொடுத்த வாக்கை மட்டும் கம்பிக்குப் பின்னால் இருந்துகொண்டு காப்பாற்றுகிறார். நான் போய் மன்றாடினேன். "நீதானே பவுடர் வேண்டாமெண்டனீ" என்றார். நான் அங்கிருந்து நேராகப் பங்குத்தந்தையிடம் போனேன்.

11. இதுவரை எழுதியதில் நான் சிரிப்பதாகத் தங்களுக்குத் தோன்றியிருக்கலாம். நேற்று மாலை வரை என்னால் சிரிக்க முடிந்தது. நேற்று மாலை நிலையத்தில், புதன்கிழமை காலை அவரையும் வேறு சிலரையும் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றப் போவதாகச் சொன்னார்கள். அங்கே போனவர்களில் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த இருவர் உண்டு. ஒருவர் பத்தொன்பது மாதம் கழித்து வந்தார். மற்றவரைப் பற்றி அவருடைய மனைவியிடம் நாங்கள் இப்போது கேட்பதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

12. ஆகவே தங்களிடம் நான் கேட்பது:

(அ) என் கணவரை அவருடைய தாடியோடு விடுவித்தால், வரும் வெள்ளிக்கிழமை எங்கள் மேடைக்கு ஒரு இயேசு இருப்பார். தாங்களும் சார்ஜன்ட் அவர்களும் முன்வரிசையில் இருந்து பார்க்க வேண்டும் என்பது பங்கு மக்களின் விருப்பம்.

(ஆ) அது முடியாதெனில், அவரை மழித்துக்கொள்ளும்படி தாங்களே கட்டளையிட வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டார். மேலதிகாரி சொன்னால் கேட்பார், இருபத்தைந்து வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். அவருடைய நேர்த்தியிலிருந்து விடுவித்துப் பங்குத்தந்தை கொடுத்த கடிதம் இத்துடன் உள்ளது. தாடி இல்லாவிட்டால் நாடகம் நிற்கும். நிற்கட்டும். இயேசு இல்லாத பெரிய வெள்ளியை எங்கள் பங்கு ஒரு வருடம் தாங்கும்.

13. இயேசு எப்படி இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. தங்களுக்கும் சார்ஜன்ட் அவர்களுக்கும் ஐறீன் அக்காவுக்கும் தெரியாது. ஒஸ்வால்ட் எப்படி இருப்பார் என்பது எனக்குத் தெரியும். தாடியோடும் தெரியும், தாடி இல்லாமலும் தெரியும், மின்சாரம் நின்றாலும் தெரியும். நாளை விடிய ஐந்து மணியிலிருந்து நிலைய வாசலில் நிற்பேன். அவரை லொறியில் ஏற்றுவதற்கு முன், இவர் யார் என்று என்னிடம் ஒரு முறை கேட்கும்படி தங்கள் உத்தியோகத்தர்களுக்குச் சொல்லுங்கள்.

தங்கள் ஒரு சொல்லை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) செலீன் ஒஸ்வால்ட்

இடம்: கொட்டாஞ்சேனை
திகதி: 25.03.1997, செவ்வாய்க்கிழமை

இணைப்புகள்:
1. திருமணப் பதிவுச் சான்றிதழின் பிரதி.
2. பொலிஸ் பதிவுப் படிவத்தின் பிரதி.
3. பங்குத்தந்தையின் கடிதங்கள் இரண்டு.
4. உறை பிரிக்காத சவர அலகு ஒன்று. கம்பிக்குப் பின்னால் கண்ணாடி இருக்காது என்பதால், தங்கள் உத்தியோகத்தர் ஒருவர் மெதுவாக மழித்துவிட்டால் நன்றியுடையவளாவேன்.