வெள்ளைக் குதிரைப் படம்

திருக்காட்டுப்பள்ளி,
ஆனி 12

அன்புத் தம்பி ஃபாஜிலுக்கு,

அண்ணி பிரகதாம்பாள் எழுதுவது. பினாங்கில் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமா? இங்கே ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, குறுவை நாற்றும் பரவாயில்லை. உங்கள் அண்ணன்தான் அப்படியே கிடக்கிறார். பொங்கல் கழிந்து வந்த பக்கவாதம். கை கொஞ்சம் அசைகிறது, பேச்சு இல்லை.

நீங்கள் கேட்ட கௌபாய் பட சிடிகளை இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். இனி அப்பா எங்கே பார்க்கப்போகிறார், மாமாவிடமாவது இருக்கட்டும் என்று மகள் பூர்ணிமா சொன்னாள். எனக்கு ஒன்று விளங்கவே இல்லை தம்பி. ஊர் உலகமே பார்த்த நல்ல படத்தை விட்டுவிட்டு, எடுத்தவனே மறந்துபோன படமாகத் தேடித் தேடி வாங்குவீர்கள். நாலு குதிரை, ஒரு அட்டைப் பாறை. அந்தப் பாறை ஆடுகிறது என்று ரெண்டு பேரும் போனில் மணிக்கணக்காகச் சிரிப்பீர்கள். இங்கே சோறு ஆறிப்போகும், நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

வெள்ளைக் குதிரைப் படம் மட்டும் பார்சலில் இல்லை, தேடாதீர்கள். ஓடுகிறதா என்று பார்த்து அனுப்பச் சொன்னீர்களே, போட்டேன். குண்டு பட்ட திருடன் விழுகிறான், மீசைக்காரன் தொப்பியைக் கழற்றுகிறான். அவ்வளவுதான். கட்டிலில் கிடந்தவர் சிரித்தார் தம்பி! சத்தமாகச் சிரித்தார். திரும்பப் போட்டேன், அதே இடத்தில் மறுபடியும் சிரித்தார்.

அன்றிலிருந்து தினமும் போடுகிறேன். கண் கொட்டாமல் பார்த்தும் பாறை ஆடவில்லை. செத்தவன் மூச்சு விடுகிறானா என்றுகூடப் பார்த்துவிட்டேன், அதுவும் இல்லை. ஒரு மண்ணும் புரியவில்லை. நேற்று அவர் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். என் முகத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவருக்கு என் பொய்ச் சிரிப்பு தெரியாதா? இன்றைக்குப் போட்டேன், சிரிக்கவே இல்லை. படத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பயமாக இருக்கிறது தம்பி.

சிடி தரவில்லை என்று கோபிக்காதீர்கள். அவருக்குப் பேச்சு வந்தால் நாகூருக்கு வருவதாக வேண்டியிருக்கிறேன். போன வருஷம் அதிராம்பட்டினத்துக்கு வந்தபோது இங்கேயும் வந்து, அவரோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தீர்களே, திருடன் விழுகிற அந்த இடத்தில் என்ன இருக்கிறது? நான் எங்கே பார்க்கணும்? போனில் சொல்லிவிடாதீர்கள், அவர் காதில் விழும். எழுதி அனுப்புங்கள். நானாகவே கண்டுபிடித்த மாதிரி இருக்கட்டும்.

பிள்ளைகுட்டியோடு நன்றாக இருங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
அண்ணி