பேய்க்கு ஒதுக்கிய நாற்காலி

ஒரிசாபா,
3 செப்டம்பர் 1962

என் ஒத்திலியாவுக்கு,

உன் தங்கை ஊர் மழை உனக்கு ஒத்துக்கொண்டதா? எனக்கு இங்கே எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு மட்டும் வளர்கிறது, அதனால் சவப்பெட்டிக்குள் திரும்பிப் படுக்க முடியவில்லை. ஆமாம், நம் பிணம் கல்யாணம் செய்துகொண்டு வேலையை விட்டுப் போய்விட்டது. ‘கிணற்று மணவாட்டி’ பேய்ப்படம் ஓடும் ஊர்களில் எல்லாம் இப்போது கொட்டகை வாசலில் பிணம் நான்தான். முகத்தில் அரிசி மாவு, காதில் பஞ்சு. பிணத்தைச் சிரிக்கவைத்தால் இலவச டிக்கெட் என்று நானே தட்டியில் எழுதித் தொலைத்தேன். பெண்கள் கூசாமல் கிச்சுகிச்சு மூட்டுகிறார்கள். கண்ணைத் திறக்காமல் கிடக்கிறேன்.

நீ போன பிறகு, படம் பார்க்கும் கூட்டத்தின் நடுவே பயந்து மயங்கி விழுவதுபோல் நடிக்கச் சரியான ஆள் கிடைக்கவில்லை. புதிதாக வந்தவள் விழுவதற்கு முன் பாவாடையைச் சரிசெய்துகொள்கிறாள்! நீ விழுந்தால் கொடியிலிருந்து துணி நழுவுவது போல இருக்கும்.

அதனால் புது உத்தி. ஏழாம் வரிசை ஓரத்து நாற்காலிக்குக் கறுப்பு நாடா கட்டி, ‘இது வரப்போகிறவளுக்கு’ என்று அட்டை தொங்கவிட்டிருக்கிறேன். போகிற ஊரெல்லாம் அதே இடம்தான். பேயின் இடம் என்று சனங்கள் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். முதலாளி தோன் அபுந்தியோ மட்டும், “ஏம்ப்பா, பேய்க்கு ஓசி சீட்டா? அதையும் வித்துத் தொலையேன்” என்று கத்துகிறார். பேய்க்கு இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வந்துவிடேன்.

உன்
ராமிரோ


கோவாதெபெக்,
12 செப்டம்பர்

ராமிரோவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துத் தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன். உன்னிடம் எனக்குள்ள தொல்லையே அதுதான்.

காதில் பஞ்சு என்று எழுதியிருக்கிறாய். உனக்கு அது எதற்கு? கோர்தோபாவில் அன்றைக்கு உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “ராமிரோ, இன்னிக்கு முடியலப்பா, நிஜமாவே தலை சுத்துது” என்றேன். “இதையே உள்ள போய்ச் சொல்லு, பிரமாதமா இருக்கு” என்றாய். நான் விழுந்ததும் முதலில் கைதட்டியவன் நீ. பிறகு கொட்டகையே தட்டியது. ரொட்டி வண்டிக்கு வெள்ளை அடித்து வைத்திருந்தாயே, அந்தப் பொய் ஆம்புலன்ஸில்தான் நிஜ ஆஸ்பத்திரிக்குப் போனேன். வயிற்றில் இருந்த நான்கு மாதக் குழந்தை அன்றோடு போயிற்று. வழியெல்லாம் ரொட்டி வாசனை.

நாற்காலியைப் பற்றி எழுதியதை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

ஒத்திலியா


ஹலாபா,
2 அக்டோபர்

என் ஒத்திலியாவுக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். நான்கிலும் கேலி வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. அன்று தட்டியது இந்தக் கைகள்தான். அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

இப்போது உன் ஊருக்குப் பக்கத்திலேயே வந்திருக்கிறோம். ஞாயிறு பகல் காட்சியில் ஒரு அதிசயம். விளக்கு அணைந்ததும், சாம்பல் நிறச் சால்வை போர்த்திய ஒரு பெண் நேராக நடந்துபோய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாளாம். அலறல் வாசலில் கிடந்த எனக்குப் பஞ்சையும் மீறிக் கேட்டது! கறிக்கடைக்காரர் ஒருவர் இரண்டு வரிசை தாண்டிக் குதித்திருக்கிறார். படம் முடிந்ததும் தோன் அபுந்தியோ ஓடிவந்து என்னை உலுக்கினார்: “யாருய்யா அந்தப் பொம்பளை? தினம் கூட்டிட்டு வாய்யா!”

நான் யாரையும் ஏற்பாடு செய்யவில்லை. எழுந்து ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. அட்டையையும் காணோம்.

ஒத்திலியா, அது யார்?

ராமிரோ


கோவாதெபெக்,
6 அக்டோபர்

ராமிரோவுக்கு,

நான்தான். பிறகு யார் வருவார்கள்?

உள்ளே போகும் முன் உன் பெட்டியருகே நின்றேன். உன் மீசை நரைத்திருப்பது மாவையும் மீறித் தெரிந்தது. குனிந்து, “ராமிரோ, நான் வந்திருக்கேன்” என்றேன். பின்னால் நின்ற ஒருத்தி, “அப்படிக் கூப்பிட்டா இவன் மசிய மாட்டான்க்கா, அக்குள்ல கைய விடுங்க” என்றாள். அவளே கையை விட்டதும் உன் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டாய். கண்ணைத் திறக்கவில்லை.

கோபமில்லை. பஞ்சு என்று எனக்குத் தெரியும். ஆனால் கோர்தோபாவில் ஒரு தடவை, ஹலாபாவில் ஒரு தடவை கூப்பிட்டாயிற்று. மூன்றாவது தடவைக்கு என்னிடம் குரல் இல்லை.

விழாமல் அந்தப் படத்தைக் கடைசிவரை பார்த்தது அன்றைக்குத்தான். மகா மோசமான படம், ராமிரோ.

அட்டை என்னிடமே இருக்கட்டும். நாற்காலியை விற்றுவிடு.

ஒத்திலியா


ஹலாபா,
15 அக்டோபர்

ஒத்திலியா,

விற்றாயிற்று. தோன் அபுந்தியோவுக்குப் பரம சந்தோஷம். வாங்கியவன் நான்தான் என்று தெரிந்ததும், “பைத்தியமாய்யா உனக்கு?” என்றார்.

பெட்டியில் வைக்கோல் பொம்மையைப் படுக்கவைத்துவிட்டேன். முகம் கழுவி, பஞ்சை எடுத்து எறிந்துவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தேன். மோசம்தான். இதற்கா இத்தனை சவப்பெட்டி!

மணவாட்டி கிணற்றிலிருந்து கையை நீட்டுமுன், நீ வழக்கமாக விழுகிற இடத்தில், படம் ஒரு கணம் சத்தமே இல்லாமல் ஓடுகிறது. இத்தனை வருடமும் அது எனக்குத் தெரியாது. என் கைதட்டலில் அமுங்கிப் போயிருக்கிறது.

தினமும் போய் உட்கார்கிறேன். அந்த இடம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்கிறேன்.

யாரும் கூப்பிடவில்லை.

ராமிரோ