இன்னும் உங்கள் பேரில் ஓடும் லாரி

என் அருமை மாப்பிள்ளை செல்வராஜுக்கு,

நீங்கள் போன பிறகு உங்களுக்கு ஒரு வரிகூட நான் எழுதவில்லை. எழுதுகிற ஆளும் நான் இல்லை, அது உங்களுக்கே தெரியும். இன்று எழுத உட்கார்ந்தது பாசத்தால் பாதி, பயத்தால் பாதி. பயத்தை யாரிடம் சொல்வது? என் பனியன் கடைக்கு நூல் போடுகிறவர்களிடம் சொன்னால் மறுநாளே கடன் தரமாட்டார்கள். லாரிக்காரர்கள் சங்கத்து மலரில் இதைப் போடுகிறோம் என்றார்கள். போடட்டும். சொந்த வண்டி வைத்து ஓட்டுகிறவர்களும் படிக்கட்டும்.

நாம் பாதிப் பாதி போட்டு வாங்கிய லாரி நன்றாகத்தான் ஓடுகிறது. பனியன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போகிறது, திரும்பும்போது சாயப்பட்டறைகளுக்கு உப்பு ஏற்றி வருகிறது. நீங்கள் ஓட்டிய சீட்டில் இப்போது அருள் உட்கார்ந்திருக்கிறார். தெற்கத்தி ஆள். இங்கே மண்ணரையில் மனைவி எஸ்தரோடு குடியிருக்கிறார். நிதானமான டிரைவர். கிளட்சை உங்களைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறார், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் மாப்பிள்ளை, வண்டி இன்னும் உங்கள் பேரில்தான் ஓடுகிறது. ஆர்.சி. புக்கில் நீங்கள். பர்மிட்டில் நீங்கள். இன்சூரன்ஸ் பாலிசியிலும் நீங்கள்தான்.

வாங்கும்போது ஜோசியர் என் ஜாதகத்தைப் பார்த்து, "உங்களுக்கு வாகன யோகம் இல்லீங்க, தங்கச்சி வீட்டுக்காரர் பேருல வாங்குங்க" என்றார். வாங்கினோம். வண்டி ஒரு நாயைக்கூட அடித்ததில்லை. நீங்கள் நெஞ்சுவலியில் போனபோது, ராசியான பேர், அப்படியே இருக்கட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். இந்த ஊரில் எத்தனையோ வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன. பேர் மாற்றுகிற செலவும், அதற்காக வண்டி சும்மா நிற்கிற நாளும் மிச்சம் என்று நானும் கணக்குப் போட்டேன். அதை மறைப்பானேன்.

போன வாரம் ஒரு மத்தியானம் அருள் போன் செய்தார். அருப்புக்கோட்டைக்குச் சற்று முன்னால், மொபெட்டில் ஒரு பெரியவர் குறுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, வண்டி தட்டல. அவரா பயந்து மண்ணுல சாஞ்சிட்டாரு. முழங்கையில செராப்பு, அவ்வளவுதான். ஆனா ஊர்க்காரங்க சாவியப் புடுங்கிட்டாங்க. ஆர்.சி. புக்கைப் படிச்சிட்டு, 'செல்வராஜைக் கூப்புடுலே'ங்காங்க."

"நீங்க என்ன சொன்னீங்க அருளு?"

"ஓனர் வெளியூர் போயிருக்காருன்னு சொல்லிட்டேன். வேற என்னத்தச் சொல்ல?"

அந்தப் பெரியவரே எழுந்து, டீ குடித்துவிட்டு, "விடுங்கப்பா, எம்மேலதான் தப்பு" என்று சொல்லியிருக்கிறார். சாவி கைக்கு வந்தது. வண்டி கிளம்பியது. போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உப்பு மூட்டையோடு வரும் வண்டி ஒரு முழம் தள்ளி நின்றிருந்தால்?

அன்று சாயங்காலமே இன்சூரன்ஸ் ஏஜென்ட் ரகுவைப் பார்க்கப் போனேன். பழைய ஏஜென்ட் நம்மை அறிந்தவர், ஒன்றும் கேட்காமல் வருஷா வருஷம் புதுப்பித்துக் கொடுத்தார். இவர் புதுசு.

"பாலிசி செல்வராஜ்ங்கற பேருல இருக்குதுங்க. அவரை ஒருக்கா ஆபீசுக்கு வரச் சொல்றீங்களா?" என்றார்.

"அவரு வர மாட்டாருங்க."

"ஏனுங்க, ரொம்ப வேலையா?"

"செத்துட்டாருங்க."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்தச் சின்னச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு பொறுமையாகத்தான் சொன்னார். அடிபடுகிற வெளியாளுக்கான தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ரோட்டில் இறங்கவே கூடாது, அது சட்டம். ஆனால் பணம் கட்டினால் மட்டும் போதாது. ஓனர் இறந்தால் முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்ல வேண்டும், மூன்று மாதத்துக்குள் வாரிசு பேருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி. மாறினால்தான் பாலிசி மாறும்.

"இப்படியே ஒரு விபத்து நடந்தா என்னங்க ஆகும்?" என்று கேட்டேன்.

"வண்டி நொறுங்குனா உங்களுக்கு ஒண்ணும் வராதுங்க. அடிபட்டவங்களுக்குக் கோர்ட்டு எப்படியும் வாங்கிக் குடுக்கும். கம்பெனி கட்டுனாலும், அப்புறம் உங்க ஊட்டு வாசல்ல வந்து அதைத் திருப்பிக் கேக்கும்."

இன்சூரன்ஸ் வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது மாப்பிள்ளை. பழைய லாரி என்றாலே கம்பெனிக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்றால் இன்று போய் நாளை வா என்கிறார்கள். டயர் வாங்க வைத்திருந்த காசை எடுத்துத்தான் ஃபுல் இன்சூரன்ஸ் கட்டினேன். பனியன் வேஸ்ட் மூட்டையைத் தலையில் சுமந்து வியாபாரம் கற்றவன் நான். கிலோவுக்குக் கால் ரூபாய் குறைக்க அரை மணி நேரம் நின்று பேசுகிறவன். அப்படிப்பட்ட நான், முழு விலை கொடுத்து, எனக்கு உதவாத சரக்கை வாங்கி பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன்.

இத்தனை வருஷம் அந்த வண்டி ஓடிய ஓட்டமெல்லாம் இப்போதுதான் என் நெஞ்சின்மேல் ஏறி ஓடுகிறது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் எத்தனை ஊரைத் தாண்டியிருக்கும்? எவன் பிள்ளையாவது விழுந்திருந்தால், சம்மன் உங்கள் பேருக்கு வந்திருக்கும். அதை உங்கள் வீட்டில் சரசுதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பாள்.

வண்டியை நல்லூர் லாரி ஷெட்டில் நிறுத்தச் சொல்லிவிட்டு, அருளையும் கூட்டிக்கொண்டு சரசுவிடம் போனேன். என் தங்கச்சி எதற்கும் என்னை எதிர்த்துப் பேசியவள் இல்லை. பேரை மாற்றியாக வேண்டும் என்றதும், "வேண்டாமுங்ணா" என்றாள்.

"ஏன் கண்ணு?"

"ரேசன் கார்டுல அவிங்க பேரை அடிச்சுட்டாங்க. ஓட்டு லிஸ்டுல எடுத்துட்டாங்க. கரண்டு பில்லுகூட இப்ப எம்பேருலதான் வருது. அந்த வண்டியில மட்டும்தானுங்ணா அவிங்க உசுரோட இருக்காங்க."

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? வாசல்படியில் நின்ற அருள்தான் மெதுவாக வாயைத் திறந்தார்.

"அக்கா, நான் ஒண்ணு கேக்கலாமா? நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, எஸ்தர் யாரு மேல கேஸ் போடுவா? எம் மொதலாளின்னு சட்டத்துல இருக்கது செல்வராஜ் அண்ணன்தான். கல்லறைக்குப் போயா சம்மன் குடுப்பா?"

"எங்களுக்குக் கல்லறை இல்லீங்க அருளு, எரிச்சுட்டோம்" என்றாள் சரசு. சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு என்னிடம் திரும்பினாள்.

"யார் பேருக்கு மாத்தப் போறீங்க?"

"எம்பேருக்குத்தான் கண்ணு. நீ விட்டுக்குடுத்துக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"உங்க பேரு வேண்டாமுங்ணா. வாரிசு நாந்தானே, எம்பேருக்கு எழுதுங்க. எஸ்தர் வந்து கேட்டா நான் பதில் சொல்றேன்."

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். கோர்ட்டு வாசலை மிதிக்காதவள். இனி அந்த வண்டி எங்கே யாரை இடித்தாலும் முதலில் கூப்பிடப்போவது அவள் பேரை. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வரியும், வண்டி ஓடத் தகுதியானது என்கிற எஃப்.சி.யும் நடப்பில் இருக்கின்றன. அருளின் லைசென்சை நானே வாங்கிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. புதுப் பாலிசியில் டிரைவர், கிளீனர் இருவரையும் சேர்க்கச் சொல்லி ரகுவிடம் சொல்லிவிட்டேன்.

நேற்று ஏற்றுமதிக் கம்பெனிக்காரர் கூப்பிட்டார். கப்பல் போய்விடும், வேறு வண்டி கிடைக்கவில்லை, "இந்த ஒரு ட்ரிப் மட்டுமுங்க" என்றார். சரி என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது மாப்பிள்ளை. எல்லாம் தெரிந்த பிறகும் வந்தது. ரோட்டைவிட என் நாக்கை நினைத்துத்தான் இப்போது பயமாக இருக்கிறது. இந்தக் கம்பெனி போனால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்பது இன்னொரு பயம். இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் இனி கூப்பிடுவாரா தெரியாது.

அதனால் லாரிச் சாவியைக் கொண்டுபோய்ச் சரசுவிடம் கொடுத்துவிட்டேன். நானே வந்து கேட்டாலும் தரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். "அழுதாலுமா?" என்று கேட்டாள். அழுதாலும்தான் என்றேன். அவள் பேர் போட்ட ஆர்.சி.யும் பாலிசியும் அவள் கைக்கு வந்து, அவளே கூப்பிட்டு அருளிடம் சாவியைக் கொடுக்கிற வரைக்கும், அந்தப் படியேறிச் சாவி கேட்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் தொழிலில் பாதியும், உங்கள் வீட்டுக்காரிக்கு அண்ணனுமான
மச்சான் சுப்பிரமணி