மூன்று சிலுவையும் ஒரு வேண்டாமும்

நாவும்பர்க்,
20 மே 1862

லைப்சிக் நகரில் பசியோடும் பியானோவோடும் குடித்தனம் நடத்தும் அருமை அண்ணன் எக்கார்ட் அவர்களுக்கு, தம்பி யூஸ்துஸ் தொப்பியைக் கழற்றி எழுதுவது.

சகலரும் அறிய வேண்டிய செய்தி: மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த அப்பாவின் மூக்குக்கண்ணாடி, ஞாயிறு மதியம், உருளைக்கிழங்கு உருண்டைகளுக்கு நடுவே, குழம்பில் குளித்த கோலத்தில் கண்டெடுக்கப்பட்டது. யாரும் கைது செய்யப்படவில்லை. அம்மா மட்டும் சாப்பிட்டு முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண்ணாடி இல்லாமலே எல்லாம் தெரிகிறது.

அடுத்த செய்தி உன் பாட்டு. வியாழக்கிழமை மாலை மருந்துக்கடைக்காரர் வீட்டுக் கூடத்தில் அரங்கேறிவிட்டது. நீ கேட்டபடி அவர் மகள் ஒட்டிலி பாடினாள், நான் பியானோ வாசித்தேன். என்ன வெற்றி! இருபது பேர் கை தட்டினார்கள். தபால்காரர் காலாலும் தட்டினார். இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி ஒரே கூச்சல். இந்த வெற்றியில் பாதிக்கு மேல் என் பங்கு. எப்படி என்று சொல்கிறேன், உட்கார்ந்துகொள்.

நீ எழுதியனுப்பிய பாட்டில் ஒரு படகுக்காரன் கரையில் கட்டிய கயிற்றை அவிழ்க்கிறான். "ஒரு வார்த்தை சொன்னால் மறுபடி கட்டிவிடுவேன்" என்று கரையில் நிற்பவளிடம் பாடுகிறான். தாளின் தலையில் "மெதுவாக" என்று எழுதியிருந்தாய். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒற்றைச் சிலுவை. ஸ்வரத்தை அரைப்படி ஏற்றும் குறிக்குச் சிலுவை என்று பேர் வைத்த புண்ணியவானும் என்னைப் போல் குறும்புக்காரன்தான். உன் பாட்டின் ஸ்வர வரிசை மோல், அதாவது மென்மை, அதாவது அழுமூஞ்சி. அதே பாட்டின் தோளில் இன்னும் மூன்று சிலுவையை ஏற்றினால் டூர் ஆகிவிடும், அதாவது கெட்டி, அதாவது கொண்டாட்டம். சிலுவை கூடக் கூடச் சிரிப்பும் கூடுவது உலகத்திலேயே சங்கீதத்தில் மட்டும்தான்!

ஏற்றிவிட்டேன். வரி வரியாக, உன் கையெழுத்தைப் போலவே. "மெதுவாக" என்பதோடு "வேண்டாம்" என்று ஒரே ஒரு சொல்லையும் சேர்த்தேன். ஒட்டிலிக்குச் சந்தேகமே வரவில்லை, தாளில் இருந்தபடி பாடினாள். உன் படகுக்காரன் திருவிழாவுக்குப் போகிறவன் மாதிரி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு துள்ளி ஓடினான்.

பாட்டு முடிந்ததும் நோட்டரி ப்ரோமெல் வயிறு குலுங்கச் சிரித்து, ஒட்டிலியிடம் "பாத்தீங்களா அம்மணி, பையன் என்ன குஷியா கெளம்புறான்! லைப்சிக் தண்ணி அப்படி!" என்றார். ஒட்டிலி சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து, "யூஸ்துஸ், உங்க அண்ணன் இதை இவ்வளவு வேகமாவா பாடச் சொன்னாரு?" என்று கேட்டாள். "தாள்லயே போட்டிருக்கே, பாக்கலையா?" என்றேன் நான். அவள் தாளை இன்னொரு முறை பார்த்தாள். "ஆமா, போட்டுத்தான் இருக்கு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள படகு அக்கரை போயிடுச்சே" என்று சொல்லித் தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, நோட்டரிக்குக் காப்பி ஊற்றப் போனாள்.

அப்போதுதான் அண்ணா, உன் கடிதத்தில் இருந்தது எனக்கு உறைத்தது.

"வாயால கேக்க எனக்குத் தைரியம் இல்லடா, எனக்காக இந்தப் பாட்டே அவகிட்ட கேக்கட்டும்" என்று நீ எழுதியிருந்தாய். நோட்டரியைக் கட்டிக்கொள்வதா இல்லையா என்று பெந்தெகொஸ்தே ஞாயிறுக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அதற்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. வெள்ளி, சனி, திங்கள் மூன்று நாளும் உண்மையைச் சொல்ல அவர்கள் கடைக்குப் போனேன். மூன்று தடவையும் இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். "நெஞ்சுல ரொம்ப சளியோ?" என்று அவள் அப்பா விசாரிக்கிறார்.

நான் ஏற்றிய சிலுவைகளைப் பேனாக்கத்தியால் சுரண்டிவிட்டேன். "வேண்டாம்" இருந்த இடத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது. நாளை நாலு மணிக்கு ஒட்டிலியிடம் போகிறேன். முதலில் நான் செய்ததைச் சொல்வேன், பிறகு நீ எழுதியபடியே வாசிப்பேன். திட்டினால் திட்டட்டும். நீ சனிக்கிழமை ரயிலில் வந்துவிடு. பாட்டு கேட்டதை நீயும் ஒரு தடவை வாயால் கேள் அண்ணா, உன் காலில் விழுகிறேன்.

இன்னொன்று. அம்மாவிடம் சொல்லாதே. மேலே குறும்பு என்று பீற்றிக்கொண்டேனே, அது குறும்பே இல்லை. கச்சேரிக்கு முந்தின நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது உன் பாட்டை மெதுவாகவே வாசித்துப் பார்த்தேன். உன் படகுக்காரன் உண்மையில் கயிற்றை அவிழ்க்கவே இல்லை, அவள் கூப்பிடுவாளா என்று முடிச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று தெரிந்தது. அங்கேயே விரல் நின்றுவிட்டது. அழுதுவிட்டேன். இருபது பேர் முன்னால் அப்படி ஆகிவிடக் கூடாதே என்று பயந்துதான் வேகமாக்கினேன்.

சீக்கிரம் வா.

உன் தம்பி,
யூஸ்துஸ்