கம்ப்ரசருக்கு மணல் மெத்தை

3-2-1983, வியாழன்

உரக்கடையில் கொடுத்த டைரி. நான் சொல்கிறேன், மருமகள் கஸ்தூரி எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. நடந்தது எதுவும் மறக்காது. கிணறு வற்றியதால் மகன் ஆனந்தன் போர் போட்டான். காற்றை உள்ளே அடித்துத் தண்ணீரை மேலே தள்ளும் கம்ப்ரசர், பின்சுவரை ஒட்டிய சாய்ப்பில். சுவருக்கு இந்தப் பக்கம் கஸ்தூரி அறை. மெஷின் ஓடினால் தரையே உதறுகிறது. இரைச்சலில் நான் சொல்வது காதில் விழாமல், இதை எழுதுவதற்குள் ஆறு தரம் “இன்னா மாமா?” என்று கேட்டுவிட்டாள்.

5-2

கஸ்தூரிக்கு ஆறாம் மாதம். போன தரம் ஏழில் தவறிப்போயிற்று. நர்ஸ் பகலிலும் படுத்திருக்கச் சொல்லியிருக்கிறாள். மோட்டாருக்குக் கரண்டு வருவதும் பகலில்தான். எங்கே படுப்பாள்?

“நான் எங்கம்மா வூட்டுக்கே போறேன்” என்றாள்.

“மெஷினை எங்க தூக்கினு போறது? போர் இங்கதான கீது. தண்ணி வுடலன்னா நடவு காஞ்சிடும்” என்றான் ஆனந்தன்.

இரண்டு பேர் சொல்வதும் சரி. ஆடுகிறதே என்று போல்ட்டை முறுக்கித் தரையோடு இறுக்கினேன்.

6-2

இறுக்கியது தப்பு. இப்போது மாடத்து விளக்கும் ஆடுகிறது.

7-2

நாளைக் காலை கஸ்தூரி ஐயங்கார்குளம் போகிறாள். இனி யாரிடம் சொல்லி எழுத? தலையிலேயே வைத்துக்கொள்கிறேன்.

9-2

(இதுமுதல் 15 வரை, 17ஆம் தேதி ஐயங்கார்குளத்தில் நான் சொல்ல அவள் எழுதியது.)

லாரி டயரை வெட்டி மெஷினுக்கு அடியில் கொடுத்தேன். ஒரு முழம் நடந்துபோய் நின்றது.

“இன்னா நைனா, செருப்பு மாட்டி வுட்டியா? அதான் கிளம்பிடுச்சி” என்றான் ஆனந்தன்.

சிரிக்கட்டும். நேற்றிலிருந்து அவனும் சரியாகச் சாப்பிடவில்லை.

10-2

விடமாட்டேன்.

12-2

நாற்பத்தொன்பதாம் வருஷம். உத்திரமேரூர் ரைஸ் மில்லில் இன்ஜின் வைக்க மண் சுமந்தேன். பாண்டுரங்க மேஸ்திரி குழி வெட்டி, செய்யாற்று மணல் கொட்டி, அதன்மேல் கனத்த மேடை கட்டினார். மேடைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம். “எதையும் தொடக்கூடாதுடா, தொட்டா ஆட்டம் தாவிடும்” என்றார். இன்ஜின் ஓடும்போது கணக்கர் மேஜையில் மோர் டம்ளர் தளும்பாது. பார்த்தவன் நான். முப்பத்துநாலு வருஷம் கழித்து இப்போதுதானா தோன்ற வேண்டும்?

13-2

கிணறு வெட்டும் செங்கேணியைக் கூட்டிவந்தேன். தரையை உடைத்து இடுப்பளவு குழி, அதில் மணல். மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்துக் கருங்கல் கிணற்றடியில் சும்மா கிடந்தது. அதை உருட்டி வந்து மணல்மேல் கிடத்தி, மெஷினைக் கல்லோடு முடுக்கினோம்.

“மெத்தை போட்டுட்ட பெருசு, தலகாணி எங்க?” என்றான்.

14-2

கஸ்தூரி அறை மாடத்தில் டம்ளரில் தண்ணீர் வைத்தேன். ஆட்டம் பாதி குறைந்திருக்கிறது. பாதி போதாது. எங்கே விட்டேன்? சுவரைக் கையால் தடவிக்கொண்டே போனேன் — காற்றுக் குழாய். அதைச் சுவரில் கிளாம்பு அடித்து மாட்டியிருக்கிறது.

15-2

கிளாம்பைப் பிடுங்கினேன். குழாய்க்குத் தனிக் கம்பம் நட்டேன். மெஷினும் குழாயும் சேரும் இடத்தில் ஒரு முழம் ரப்பர் ஓஸ். காற்று இழுக்கும் வாய்தான் இன்னும் இரைகிறது. அதற்கும் ஓர் ஓஸ் மாட்டி, ஓட்டைப் பானையில் தேங்காய் நாரைத் தளர்வாக வைத்து அதற்குள் விட்டேன், இரைச்சல் அடங்கிற்று. டம்ளர் தண்ணீர் அசையவில்லை. ஆனந்தன் குனிந்து பார்த்தான். போய், ஐயங்கார்குளத்துக்கு முதல் பஸ் எப்போது என்று கேட்டு வந்தான்.

17-2, ஐயங்கார்குளம்

டைரியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தேன். கஸ்தூரியின் அம்மா சாரதா, “இன்னா சம்பந்தி, மெஷினுக்கு ஜாமீன் நிக்க வந்தீங்களா?” என்றாள். ஆமாம் என்றேன்.

விட்ட நாளையெல்லாம் எழுதி முடித்து, “நெஜமா மாமா? தண்ணி ஆடலியா?” என்றாள் கஸ்தூரி.

வந்து ஒரு நாள் இரு, ஆடினால் நானே திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன் என்றேன்.

20-2, ஞாயிறு

வண்டியில் வைக்கோல் பரப்பி நேற்று அழைத்து வந்தோம். பகல் பதினொரு மணி. மெஷின் ஓடுகிறது, வயலில் தண்ணீர் பாய்கிறது. கஸ்தூரி தன் அறையில் சுவரில் சாய்ந்து எழுதுகிறாள். டம்ளரை மாடத்தில் வைத்தது அவளேதான். இதுவரை ஒரு தரமும் “இன்னா மாமா?” என்று கேட்கவில்லை. அவளுக்குக் கண் சொக்குகிறது. “போதும் மாமா, தூக்கம் வருது” என்கிறாள்.

சரி, அதையும் எழுதிட்டுப் படும்மா.